கனமாகிப்போன கேமராக் கோடு

கோயமுத்தூர் கணபதியில் பம்பு செட்டு செய்து பெருத்த குடும்பம் கிருபாசங்கருடையது. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றியே நாலு தலைமுறைக்குச் சொத்து சேர்த்தவர்கள். அந்தத் தைரியத்தில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியும் திறந்துவிட்டார். சர்க்யூட் போர்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? பச்சையாக இருக்கும் என்று தெரியும்.

மிச்சமெல்லாம் தெரிந்தவள் பொற்கொடி. ஆனைமலையில் தோப்புக் கூலிக்குப் போனவர்களின் மகள். ஏழு வருஷமாக அந்தக் கம்பெனியில் போர்டு வரைகிறாள். பொள்ளாச்சி வியாபாரி நஞ்சுண்டன், கொப்பரையைப் படம் பிடித்துத் தரம் பிரிக்கும் மிஷின் கேட்டிருந்தார். அதில் கேமரா சிக்னல் போகும் செம்புக் கோடு நெடுக இம்பீடன்ஸ் என்கிற தடை ஐம்பது ஓம் இருக்க வேண்டும். மாறினால் சிக்னலில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பும், படம் சிதறும். கோட்டுக்கும் அடியிலுள்ள செம்புத் தகட்டுக்கும் இடைவெளி 0.2 மில்லிமீட்டர். நடுவிலுள்ள பொருளின் தன்மையையும் சேர்த்துக் கணக்கிட்டாள். கோட்டின் அகலம் 0.4 மில்லிமீட்டர் என்று வந்தது.

முதலாளி திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏனம்மணி, கோடு நூலாட்டம் இருக்குது? கனமாப் போட்டாத்தான நல்லா ஓடும்?"

"இது மோட்டார் ஒயர் இல்லீங்க சார். அகலமாச்சுன்னா ஓம் கொறைஞ்சு போயிருமுங்க."

"செரி செரி" என்றார். கோட்டைச் சொடுக்கி அகலத்தை மாற்ற மட்டும் எப்படியோ கற்று வைத்திருந்தார் மகானுபாவர். அவள் வீட்டுக்குப் போனதும் போர்டிலிருந்த கேமராக் கோடுகளை 0.8 ஆக்கி, போர்டு அடிக்கும் கம்பெனிக்கு ஃபைலை அனுப்பிவிட்டார்.

அந்தப் போர்டை வைத்த மிஷின் நல்ல கொப்பரையை எல்லாம் அழுகல் என்று தள்ளியது. நஞ்சுண்டன் போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

"அம்மணி கணக்கைத் தப்பாப் போட்டுப்போடுச்சுங்க. நாளையிலிருந்து வேற ஆளை வெச்சுக்கிறமுங்க" என்றார் கிருபாசங்கர், கொஞ்சமும் கூசாமல். ஏழு வருஷ உழைப்புக்கு இவ்வளவுதான் மரியாதை. இந்தப் பேரோடு வெளியே போனால் கோயமுத்தூரில் எந்தக் கம்பெனி அவளைச் சேர்க்கும்?

பொற்கொடி மேஜை டிராயரைத் திறந்து விரல் நீளத் துண்டு ஒன்றை எடுத்தாள். கூப்பன் என்பார்கள். அவள் கணக்கிட்ட அதே கோட்டைச் சோதிப்பதற்கென்று போட்டு, போர்டின் ஓரத்தில் ஒட்டி வருவது. மற்றவர்கள் ஒடித்துக் குப்பையில் போடுவார்கள். இவள் எடுத்து வைப்பாள். இருவர் கண்முன்னே கருவியில் வைத்து அளந்தாள். கூப்பனில் ஐம்பது. போர்டில் முப்பத்திரண்டு.

"நான் போட்ட கணக்கு இதுங்க. போர்டுல இருக்கறதைப் போட்டது ஆருன்னு சாரைக் கேளுங்க."

கிருபாசங்கர் கூப்பனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்கப்படுவார் என்றா நினைக்கிறீர்கள்?

"இப்படி ஒண்ணு இருக்குதுன்னு முன்னாலயே சொல்ல வேண்டாமா அம்மணி? இதையும் கனமாப் போட்டிருப்பனல்ல."

நஞ்சுண்டன் போர்டைத் தன் பைக்குள் திரும்ப வைத்தார். முதலாளி பக்கம் திரும்பவே இல்லை.

"ஏனுங்கம்மணி, உங்க போன் நம்பரைச் சொல்லுங்க" என்றார்.