ரொட்டிக்காரர் வீட்டு மாப்பிள்ளை

நாற்பது கிலோ செம்மறிக் கிடாவைத் தோளில் சுமந்துகொண்டு கால்நடை மருத்துவமனைப் படியேறினார் ஒருவர். கை மயிர் கருகியிருந்தது; புருவமெல்லாம் மாவு. மருத்துவர் அவரை முதலில் பார்த்தது அந்தக் கோலத்தில்தான்.

“மாப்ளைக்குக் கண்ணு தெரியல டாக்டரம்மா. நேத்துலேர்ந்து செவுத்துலயே முட்டுறான்.”

“மாப்பிள்ளையா?”

“என் பொண்ணு வச்ச பேரு. வேலைவெட்டி இல்லாம உக்காந்து தின்னுறானாம்.”

கீழே விட்டதும் கிடா தலையை அண்ணாந்து விட்டத்தையே பார்த்தது. கண்ணில் சிவப்பில்லை, பீளையில்லை, பூவிழவுமில்லை. மருத்துவர் டார்ச்சை எடுக்கும்போதே அவர் சொன்னார்:

“வெளிச்சம் பட்டா கண்ணுப் பாப்பா சுருங்குதும்மா. ஆனா முகத்துக்கு நேரா கைய வீசினா இமைக்க மாட்டேங்குறான். கண்ணு நல்லாத்தான் இருக்கு. கோளாறு உள்ள எங்கயோ.”

மருத்துவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசல் மிதித்து, ஐந்து வருடம் உருண்டு புரண்டு அவர் கற்ற சோதனை அது. இருபத்திரண்டு வருடமாக ரொட்டி சிவக்கும் பதத்தைப் பார்த்துப் பார்த்தே பழகிய ரொட்டிக்காரரின் கண்கள், யாரும் சொல்லாமலே அதைச் செய்திருந்தன.

“மூளை வீங்கியிருக்குண்ணே. காரணம் தெரியாம விட்டா வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. பழைய பெயின்ட் எதையாவது நக்குனானா? பூஞ்சை பிடிச்ச தீனி?”

“இல்லம்மா. புல்லு மட்டுந்தான்.”

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த மனைவி குறுக்கிட்டார். “ரொட்டி ஓரம் ரெண்டு நான் போடுவேன். அதெல்லாம் தீனியா?”

“நீயுமா? நான் காலைல உடைஞ்சதுல நாலு போடுவேனே!”

மகளைப் போனில் கூப்பிட்டார்கள். அவள் பங்கு அரை ரொட்டி. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கொடுத்ததைக் கூட்டினால் நாளுக்கு ஒரு தட்டு!

“மூளைக்கு வேண்டிய சத்தை அவன் வயித்துல இருக்கிற நுண்ணுயிர்தான் செய்யணும். ரொட்டி அதோட குடியைக் கெடுத்துடுச்சு,” என்றார் மருத்துவர்.

“பாசத்துல போட்டதும்மா...” ரொட்டிக்காரர் கிடாவின் தலையைத் தடவினார்.

வைட்டமின் ஊசி, ஆறு மணிக்கொரு தரம். மருத்துவமனைக் கொட்டகையில் கிடாவை விட்டு ரொட்டிக்காரர் நகரவில்லை. அடுப்பை மனைவி பார்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை அவர் தன் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்க, கிடா சட்டென்று கண்ணை மூடித் திறந்தது. மறுபடி கையை வீசினார். மறுபடி இமைத்தது. அவர் கத்தவில்லை, குதிக்கவில்லை. ஊசியோடு வந்த மருத்துவரைக் கும்பிடப் போன கைகள் பாதியில் நின்றன.

“இத்தனூண்டு மருந்துலயா டாக்டரம்மா இருட்டு போச்சு?”

அந்த மருந்தின் பெயரை எத்தனையோ தேர்வுத் தாளில் எழுதியவர் மருத்துவர். அது வேலை செய்யும் விதமும் மனப்பாடம். ஆனாலும் உடம்பெல்லாம் புல்லரித்தது.

ரொட்டிக்காரர் இன்றும் அதே அடுப்பில்தான் நிற்கிறார். கிடாவுக்கு இடது கண் கொஞ்சம் மங்கல். வலது கண் துல்லியம். கடைக்குப் பின்னால் புல் மேய்கிறது.