கொக்கி மாப்பிள்ளை பார்த்த கதை

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் பள்ளிக்கூடத்தை விட்டேன். இரண்டு பேருக்கும் நட்டமில்லை. பஞ்சர் ஒட்டிய கையால் சொந்த டயர் கடை வைத்து, அதன் தலைமேல் இரண்டு மாடியும் எழுப்பியவன் நான். ஆனால் இங்கே எழுதப்போவது என் தம்பியைப் பற்றி. அவனைத் தொழிலில் இறக்கிவிட்டவனும் நான்தான் என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஊரில் அவனுக்குக் கொக்கி என்று பெயர். ரெக்கவரி வண்டி ஓட்டுகிறான். பள்ளத்தில் இறங்கிய காரையும் கம்பத்தில் முட்டிய வேனையும் கொக்கி மாட்டி இழுத்து வந்து பட்டறையில் சேர்ப்பது அவன் பிழைப்பு. முன்பெல்லாம் குடித்துவிட்டு விழுந்தவன், தூங்கி விழுந்தவன், பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டே விழுந்தவன் என்று ரகம் ரகமாக இருக்கும். இப்போது பாதிக்கு மேல் ஒரே ரகம். மீசை அரும்பிய பையன், கையில் விரிசல் விட்ட போன். இழுத்து இழுத்து அவனுக்கு அலுத்துவிட்டது. போனில் பேசிக்கொண்டே ஓட்டுகிறவனைக் கண்டால் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "தம்பி, எந்தப் பட்டறையில விடணும்னு இப்பவே சொல்லிட்டுப் போ" என்பான்.

அவனுக்கு ஒரே மகள். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்குமே வாய் கொஞ்சம் நீளம். அவளுக்கு எங்களையும் தாண்டி. அவளுக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கியபோதுதான் கொக்கிக்கு அந்த யோசனை உதித்தது.

மற்ற தகப்பன்மார் சம்பளம் என்ன, வீடு சொந்தமா, குடிப்பானா என்று விசாரிப்பார்கள். இவன் ஒன்றே ஒன்று பார்த்தான். பையன் வேலைக்குக் கிளம்பும் நேரத்தைத் தரகரிடம் கேட்டு வைத்துக்கொள்வான். பையன் சாலையில் இருக்கும் சமயம் பார்த்துப் போன் போடுவான். எடுத்தால் சம்பந்தம் இல்லை.

"என்னடா கூத்து இது?" என்றேன்.

"ஓட்டுறப்போ போன் எடுக்கிறவனுக்குப் பொண்ணைக் கொடுத்துட்டு, நாளைக்கு அவனையும் நானே போய் இழுக்கணுமாண்ணே?"



முதல் பையன் மணி ஒருதரம் அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க மாமா."

"எங்க இருக்கீங்க? ஒரே காத்துச் சத்தமா இருக்கு."

"பைக்குலதான் மாமா. நீங்க கூப்பிட்டு நான் எடுக்காம இருப்பேனா?"

கொக்கி தரகரிடம், "இந்தப் பையன் வேணாங்க. ரொம்ப மரியாதைக்காரனா இருக்கான்" என்று சொல்லிவிட்டான்.

இரண்டாமவன் வங்கிக்காரன், கார் வைத்திருந்தான், காதில் எதையோ செருகியிருந்தான். "ரெண்டு கையும் ஸ்டீயரிங்லதான் மாமா இருக்கு" என்று பெருமை அடித்தான். "புத்தி எங்க இருக்கு?" என்று கேட்டான் கொக்கி. மூன்றாமவன் எல்லாருக்கும் மேல். வீடியோ காலில் வந்து, தான் போய்க்கொண்டிருந்த சாலையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான்.

தரகர் என் கடைக்கு வந்து புலம்பினார். "பொண்ணோட அப்பா கூப்பிட்டு எடுக்கலைன்னா திமிருங்கிறாங்க. எடுத்தா உங்க தம்பி வேணாங்கிறாரு. பசங்க எங்கதான் போவாங்க?"

"ஓரமா நிறுத்திட்டுப் பேசலாமே."

"சாலைக்கு ஓரம்னு ஒண்ணு இருக்குன்னு பசங்களுக்கு யாருங்க சொன்னா?"

தொழில் படுத்துவிடும் என்ற பயத்தில் தரகர் கேள்வித்தாளை வெளியே விட்டுவிட்டார். முச்சந்திக்கு முச்சந்தி எச்சரிக்கைப் பலகை வைத்தும் நடக்காத அதிசயம் ஒரே வாரத்தில் நடந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாண வயதுப் பையன் எவனும் வண்டியில் போனைத் தொடுவதில்லை. வண்டியில் என்ன, எங்குமே தொடுவதில்லை. ஒருவன் என் கடையில் நின்று டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். போன் மணி அடித்தது. "எடேன்" என்றேன். "வேணாங்க, நான் ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்றான்.

இந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் மகள் வாயைத் திறந்தாள். மருத்துவமனைக்கு ரத்த மாதிரிகளை வேனில் கொண்டுவரும் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது, அவனுக்கும் அவளைப் பிடித்திருக்கிறது, கட்டினால் அவனைத்தான், வேறு யாரையும் பார்க்க வேண்டாம் என்றாள். பையன் வெளியூர், தரகரின் கேள்வித்தாள் அவன்வரை போகவில்லை. கொக்கியும் வண்டி ஓட்டிப் பிழைப்பவன், ஆகையால் அந்தஸ்துப் பேச்சு எடுக்க வழியில்லை.

"போன்ல பாஸ் பண்ணட்டும், பேசலாம்" என்றான்.

"அவர்கிட்டயுமாப்பா?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம். எடுத்தா இந்தக் கல்யாணம் கிடையாது. வேணும்னா நீ முன்னாடியே சொல்லி வச்சுக்கோ."

"சொல்ல மாட்டேன். சொல்லிக் கொடுத்துப் பாஸ் பண்ணினா அவர் எப்படின்னு எனக்கே தெரியாமப் போயிடும்" என்றாள். ஆனாலும் அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று தம்பி மனைவி சொன்னாள். "அப்பா பேசுவார்" என்று மட்டும் பையனிடம் சொல்லியிருந்தாளாம்.

மறுநாள் காலை, வேன் கிளம்பும் நேரத்தில், என் கடையில் உட்கார்ந்து கொக்கி ஸ்பீக்கரில் போன் போட்டான். மணி அடித்து ஓய்ந்தது. அவன் முகம் மலர்ந்துபோயிற்று.

"எடுக்கலைண்ணே."

"அப்புறமென்ன, ஆகவேண்டியதைப் பாரு."

அதோடு விட அவனுக்குத் தெரியவில்லை. "எதுக்கும் உறுதி பண்ணிக்கிறேன்" என்று மறுபடி போட்டான். எடுக்கவில்லை. உறுதிக்கு உறுதியாக மூன்றாம் தடவையும் போட்டான். ஒருவன் மூச்சுவிடாமல் மூன்று தடவை கூப்பிட்டால் கேட்பவனுக்கு என்ன தோன்றும்?

"மாமா? வீட்டுல ஏதாவது..."

அப்புறம் ஹாரன் சத்தம். தகரம் உரசும் சத்தம். தடாலென்று ஒன்று. பிறகு எதுவும் இல்லை.

கொக்கி "தம்பி, தம்பி" என்று கத்திக்கொண்டே ரெக்கவரி வண்டியில் ஏறினான். நான் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன். போனை என் மடியில் எறிந்துவிட்டு ஓட்டினான். எத்தனை விபத்துக்குப் போனவன். அன்று கியர் மாற்ற மறந்து இரண்டாவதிலேயே வண்டியை உறுமவிட்டான். வேன் வரும் வழி எங்களுக்குத் தெரியும். பாதி தூரத்தில் என் மடியிலிருந்து குரல் வந்தது.

"மாமா, லைன்ல இருக்கீங்களா? எனக்கு ஒண்ணும் ஆகலை. வேன்தான் கால்வாய்ல இறங்கிடுச்சு."

"இதோ வர்றோம்ப்பா" என்றேன்.

"வர்றீங்களா? மாமா, வண்டி ஓட்டிக்கிட்டேவா பேசுறீங்க?"

"பேசுறது அவன் அண்ணன். நீ அங்கேயே இரு" என்றேன்.

வேனின் முன்சக்கரம் மழைநீர்க் கால்வாயில் கிடந்தது. பையனுக்கு நெற்றியில் வீக்கம். ரத்த மாதிரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தான். "நான் எடுத்திருக்கக் கூடாது மாமா" என்றான். கொக்கி தலையைக் குனிந்தபடி போய் வேனுக்குக் கொக்கி மாட்டினான். முதல் தடவை நழுவியது.

மருத்துவமனையில் பையன் நெற்றிக்கு மருந்து போட்டு, பயமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் வெளியே வந்தாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டீங்க?"

"மூணு."

"முதல் தடவை எடுத்தாரா?"

"இல்லம்மா."

"அப்பவே பாஸ் பண்ணினவரை எதுக்கு மறுபடி மறுபடி பரீட்சைக்கு உட்கார வச்சீங்க? ஓட்டுறவங்க எடுக்கக் கூடாதுன்னு இவ்வளவு பேசுறீங்களே, ஓட்டுறவங்களைக் கூப்பிடலாமா?"

பையன் லேசாகச் சிரித்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சிரிக்காதீங்க. எங்கப்பா என்ன, நான் செத்துட்டேன்னு போன் வந்தாலும் நிறுத்திட்டுத்தான் எடுக்கணும். நாளையிலேர்ந்து லீவு நாள்ல உங்க வேன்ல நானும் வர்றேன். எனக்கு நம்பிக்கை வந்த அப்புறம்தான் கல்யாணத் தேதி. அப்பா, அது உங்க கையில இல்லை."

"சரிம்மா" என்றான் கொக்கி. அவனை இப்படி யாரும் கேட்டதில்லை. நான் கேட்டிருக்கிறேன், அப்போதெல்லாம் அவன் சரி சொன்னதில்லை.

பையனின் முதலாளி மாற்று வேன் அனுப்பியிருந்தார். நெற்றியில் கட்டோடு பையன் மிச்ச மாதிரிகளை எடுக்கக் கிளம்பிப் போனான். கொக்கி பெஞ்சில் உட்கார்ந்து போனை முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். விரல் இரண்டொரு முறை அதன்மேல் போயிற்று, திரும்பி வந்தது.

"போய்ச் சேர்ந்ததும் அவரே கூப்பிடுவார்" என்றாள் மகள், உள்ளே போகும்போது.

வெகு நேரம் கழித்து மணி அடித்தது.

"மாமா, வந்து சேர்ந்துட்டேன். நிறுத்திட்டுத்தான் பேசுறேன்."

"இன்ஜினை அணைச்சுட்டீங்களா?"

"அணைச்சுட்டேன் மாமா."

"சாவியைக் கையில எடுத்துட்டீங்களா மாப்பிள்ளை?"

"அப்பா, போனை வைங்க" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.