ஏழாவது பெயருக்கு வந்த பதில்

நம்பாதவர்கள் நம்பாமலே படிக்கலாம். மாதவராஜும் நம்பாமல்தான் மலை ஏறினார். இறங்கும்போது ஒரு கால் செருப்பு மேலேயே கிடந்தது. போன மார்கழியில், சித்தேரி மலையில், பட்டப்பகலில் நடந்தது இது.

மாதவராஜ் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். விசிட்டிங் கார்டில் 'போர்க்கால வான்வழி ஆய்வறிஞர்' என்றிருக்கும். பட்டம் கொடுத்தவரும் வாங்கியவரும் அவரே. இரண்டாம் உலகப் போரின்போது ஒரு குண்டுவீச்சு விமானம் சித்தேரியில் மோதி எரிந்தது. அதில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஏழு வெள்ளைக்காரர்களுக்கும் சென்னையில் வரிசையாகக் கல்லறை இருக்கிறது. ஏழாமவன் தாமஸ் பெல். அவனுடைய தங்கை மகள் இங்கிலாந்திலிருந்து வீடியோ காலில் அழுதாள். அந்தக் கல்லறையில் இருப்பது என் மாமாதானா? அம்மா சாகும்வரை நம்பவே இல்லை...

"நான் கண்டுபிடித்துத் தருகிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார் மனிதர்.

தலையில் தொப்பி, முதுகில் பை, கையில் உலோகம் தேடும் கருவி. கூட வந்த மனைவி கலைச்செல்வி ஏற இறங்கப் பார்த்தாள்.

"குண்டு போட வந்தவனே இவ்ளோ சாமான் தூக்கியிருக்க மாட்டான்."

மலையூரில் சாமை புடைத்துக்கொண்டிருந்த சென்னம்மாள் வழி சொன்னாள். "மஞ்சு எறங்குதுங்க சார், எதுத்தாப்புல நிக்கிறது கூடத் தெரியாது. ஆள் தவறிட்டா 'கூ'ன்னு மட்டும் கூவுங்க. காட்டுல யாரையும் பேர் சொல்லிக் கூப்புடாதீங்க."

"ஏம்மா, கூப்பிட்டா வந்துடுவாங்களா?"

சென்னம்மாள் சிரிக்கவில்லை.

பாதி வழியில் கலைச்செல்வி மூட்டுவலி என்று ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். இவர் மட்டும் விமானம் மோதிய சரிவுக்குப் போனார். புல்லுக்குள் ஒரு துருப்பிடித்த தகரம். அதற்குள் மூடுபனி வந்து எல்லாவற்றையும் விழுங்கியது.

வீர அஞ்சலி வீடியோ எடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா? செல்போனைப் பாறையில் சாய்த்து வைத்தார். பெயர்களைப் படிக்க ஆரம்பித்ததும் பழைய வகுப்பறைக் குரல் தானாக வந்துவிட்டது. வருகைப்பதிவு எடுக்கிற குரல்.

"வில்லியம் ஹார்ட்லி!"

டங்...

எங்கோ தகரத்தில் தட்டிய சத்தம். காற்றாக இருக்கும்.

"ஜார்ஜ் மில்ஸ்!"

டங்...

காற்றே இல்லை. ஒரு புல்கூட அசையவில்லை.

மூன்றாவது பெயர். டங். இம்முறை பக்கத்தில்.

நிறுத்தியிருக்கலாம். வருகைப்பதிவைப் பாதியில் நிறுத்திய தலைமையாசிரியர் உண்டா? நான்கு. ஐந்து. ஆறு...

ஆறாவது சத்தம் அவர் காலடித் தகரத்திலிருந்தே வந்தது.

காலைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தாமஸ் பெல்..."

தகரம் பேசவில்லை.

பின்னால், காதோரம், ஒரு பெண் குரல்.

"இருக்கறேனுங்க..."

"கலா! விளையாடாதே!"

திரும்பினார். யாரும் இல்லை. எரிந்த எண்ணெய் வாடை மட்டும்.

"கலா...?"

"கூ...!"

கலைச்செல்விதான். ஆனால் வெகு கீழேயிருந்து.

அப்படியானால்...

"இருக்கறேனுங்க சாமி... வூட்டுக்குப் போலாங்களா?"

ஓடினார்.

சென்னம்மாள் தண்ணீர் கொடுத்தாள். அவர் நடந்ததைச் சொன்னார்.

"எங்க மாமியாரோட அக்காங்க. ஏரோப்ளேன் விழுந்த அன்னிக்கு அந்தச் சரிவுல கடுக்காய் பொறுக்கப் போனவங்க, திரும்பவே இல்ல. பட்டாளத்துக்காரங்க எரிஞ்சு கெடந்ததையெல்லாம் ஏழு பொட்டியில அள்ளிட்டுப் போயிட்டாங்க. எங்களுக்கு ஒரு எலும்புகூடக் குடுக்கல."

பங்குனியில் இங்கிலாந்திலிருந்து அழைப்பு வந்தது. ஆஸ்திரேலியாவில் யாரோ செய்துகொண்ட மரபணுச் சோதனை அவர்கள் குடும்பத்தோடு பொருந்தி, உண்மை வெளிவந்துவிட்டதாம். தாமஸ் பெல் அன்று விமானத்தில் ஏறவே இல்லை. பட்டாளத்திலிருந்து ஓடிப்போய், வேறு பெயரில் பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்து, கிழவனாகிச் செத்திருக்கிறான்.

விமானத்தில் போனது ஆறு பேர்.

பெட்டி ஏழு.

எண்பது வருடங்களாக, கடுக்காய் பொறுக்கப் போன அவள் சென்னையில் தாமஸ் பெல் என்ற பெயருக்கு அடியில்தான் படுத்திருக்கிறாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும்... எழுந்து வந்துவிட்டாள்.