மழை நாளில் கொழுந்து மூட்டையின் டெரிவேட்டிவ்

மூணாறு கல்லூரியில் கால்குலஸ் எடுக்க வந்த முதல் நாள், எங்கள் கொழிஞ்சாம்பாறைத் தோட்டத்து போர்வெல் மோட்டாரை வைத்து அரை மணி நேரம் பொரிந்து தள்ளினேன். தொட்டியில் நீர் ஏறும் வேகம்தான் டெரிவேட்டிவ் என்றேன். வகுப்பே தலையாட்டியது. அவர்கள் குடியிருக்கும் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளுக்கு ஓடைத் தண்ணீர் குழாய் வழியாகத் தானாக இறங்கி வருகிறது, பாதிப் பேர் வீட்டில் மோட்டாரே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. தலையாட்டியதெல்லாம் மரியாதைக்காக.

x ஸ்கொயர் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு 2x என்பார்கள். அது எதைச் சொல்கிறது என்று கேட்டால், "ஆன்சர் சார்" என்பார்கள். டெரிவேட்டிவ் குறைந்தால் ஃபங்ஷனும் குறையும், அதாவது ஏறும் வேகம் குறைந்தால் தொட்டி நீரும் குறையும் என்றே சாதித்தார்கள். ஊருக்கு ஏற்ற உதாரணம் கொடுப்போம் என்று புத்திசாலித்தனமாக முடிவெடுத்து, இன்டர்னல் பரீட்சையில் கேட்டேன்: தேயிலைக் கொழுந்து எடுக்கும் வேகம் மதியத்துக்கு மேல் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் நிற்கவில்லை. மூட்டையின் எடை சாயங்காலம்வரை என்ன ஆகும்? கூடிக்கொண்டே போகும் என்பது என் விடை.

ஜான்சி என்ற மாணவி, 'கூடும், கடைசியில் குறையும்' என்று எழுதியிருந்தாள். பெரிய சைபராகப் போட்டேன். அதோடு அவள் பாஸும் போனது. ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவள். இந்த முறையும் போனால் படிப்பை நிறுத்தித் திருப்பூர் கம்பெனிக்கு அனுப்புவதாக வீட்டில் சொல்லியிருந்தார்கள். பேப்பரோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நின்றாள்.

"ஏம்மா, மூட்டைக்குள்ளாற போன கொழுந்து கரைஞ்சா போயிரும்?" என்றேன். பக்கத்து மேஜைக்காரர் சிரித்ததில் எனக்குப் பெருமை வேறு.

"கரையாது சார். மழைன்னா எடை போடுறப்ப ஈரத்துக்குன்னு கழிச்சிருவாங்க. எங்கம்மாவுக்கு அதான் தெனமும் சண்டை."

நான் விடவில்லை. "செரி, அந்த எடத்துல டெரிவேட்டிவ் என்ன?"

என் பேனாவை வாங்கி ஒரு கோடு வரைந்தாள். ஏற்றம் வரவரக் குறைந்தது, ஆனாலும் கோடு மேலேயே போனது. பிறகு பேனாவைத் தூக்கி, சற்றுக் கீழே ஒரு புள்ளி வைத்தாள்.

"இங்க டெரிவேட்டிவே இல்ல சார். கோடு அத்துப்போச்சுல்ல."

பக்கத்து மேஜையில் சிரிப்பு நின்றிருந்தது. சைபரை அடித்துவிட்டு முழு மார்க் போட்டேன். சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஜான்சி திருப்பூர் போகவில்லை.

இளைய ஆசிரியர்களுக்குச் சொல்வது இதுதான்: பிள்ளைக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டும் முன், எதை மனதில் வைத்து எழுதினாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தக் கொழுந்து மூட்டைக் கேள்வியை நான் இன்றும் பரீட்சையில் கேட்கிறேன். முடிவில் ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன்: 'அன்று மழை பெய்யவில்லை.'