எட்டாம் நாள் சாம்பலில் ஐந்து விரல்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை ஐந்து நாற்பது. மூன்று நாளாகக் கொட்டிய மழை தூறலாக இறங்கியிருந்தது. பெல்மதுளைக்கு மேலே எங்கள் தோட்டத்து வீட்டில், என் மனைவி கடைசியாகப் படுத்திருந்த அறையைத் திறக்க ஐந்து பேர் நின்றோம்.

முந்தின மாலை எட்டுப் படைத்திருந்தோம். இறந்தவர் எட்டாம் நாள் பசியோடு வருவாராம். பிடித்ததை அறையில் வைத்து, தரையில் சலித்த சாம்பலைத் தூவிப் பூட்ட வேண்டும்; விடிந்ததும் கால்தடம் பார்க்க வேண்டும். முப்பத்தொரு வருடம் உயிரியல் படிப்பித்த என்னிடமே சாம்பலைச் சலிக்கக் கொடுத்தார்கள்.

"ஒரு தடவ பாத்தா போதாது. திரும்பத் திரும்பச் செஞ்சு பாத்தாத்தான் நம்பலாம்" என்றேன்.

"அதுக்கு இன்னும் ஆள் சாகணுமே மச்சான். நீங்க வாறீங்களா?" என்றாள் மனைவியின் தங்கை.

மரணத்துக்குப் பிறகு வாழ்வு உண்டா என்று மாணவர்கள் கேட்டால், "தாராளமாக உண்டு, பாக்டீரியாவுக்கு" என்பேன். வகுப்பு சிரிக்கும். அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. குவைத்தில் வேலை செய்யும் மகள் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு நாள். கடைசியாக முகம் பார்க்க வராத தன்மேல் அம்மாவுக்குக் கோபம், இன்று வரவே மாட்டார் என்று சாப்பிடாமல் கிடந்தாள்.

கதவைத் திறந்தோம். ரொட்டியும் கட்டசம்பலும் வைத்தபடியே இருந்தன. மறுமையில் காரம் ஆகாது போலும். நான்கு கோழிக்கூட்டு வாழைப்பழத்தில் இரண்டைக் காணோம். சாம்பலில் தடம்.

குனிந்து பார்த்தேன். ஐந்து விரல், முன்னால் நகக்கீறல். மரநாய்; இங்கே உகுடுவா என்போம். கூரைத் தகரம் ஒரு மூலையில் தூக்கி நிற்பது எனக்குத் தெரியும். அதற்கும் தெரிந்திருக்கிறது.

"அப்பா, நீங்க படிச்சவங்க. சொல்லுங்க, அம்மாவா?"

பரீட்சைத் தாள் திருத்தும்போது பாதி விடைக்குப் பாதிப் புள்ளி கொடுப்பது என் வழக்கம்.

"அஞ்சு வெரல் இருக்கு" என்றேன்.

மகள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு படையலில் இருந்த ரொட்டியை எடுத்து, மூன்று தின்றாள். மச்சினி கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அந்தத் தகரத்துக்கு ஆணி அடிச்சிராதீங்க மச்சான். அக்கா எப்படி வரும்?"

அதன்பின் வெள்ளிதோறும் இரண்டு பழம் வைக்கிறேன். மகள் குவைத்திலிருந்து கேட்பாள்: "அம்மா வந்தாங்களா?" "பழத்தக் காணோம்" என்பேன். இதுவரை ஒரு பொய் சொல்லவில்லை. ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது. தகரம் அப்படியே தூக்கி நிற்கிறது. மழை உள்ளே இறங்கி மனைவியின் மெத்தை ஊறிப்போனது. புது மெத்தை இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு, பழம் ஒன்பதாயிரத்து நூற்றெண்பது. அந்தப் பாதி விடைக்கு இன்றுவரை மொத்தம் ரூபாய் முப்பத்து மூவாயிரத்து அறுநூற்றெண்பது.