கழற்றி வைத்த தகடு

அவரைப் புல்வெட்டிக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானம், ஆஸ்பத்திரி வளாகம், குடியிருப்புகளின் பின்புறம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். முன்னால் அவர் வெட்டிக்கொண்டு போக, பின்னால் மனைவி புல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டு வருவாள். பதினாறு வருஷம் இப்படியே நடந்தார்கள். பிள்ளைகள் இல்லை.

"எங்க வீட்டுக் குழந்தை இதுதான். பால் வேணாம், பெட்ரோல்தான் குடிக்கும்" என்று மெஷினைக் காட்டி அவள் சொல்வாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

மெஷின் விஷயத்தில் அவர் கறார் பேர்வழி. பெட்ரோலையும் ஆயிலையும் அளந்துதான் கலப்பார். இன்ஜின் சூடு ஆறாமல் டாங்க் மூடியில் கை வைக்க மாட்டார். சிகரெட்டோடு யாராவது கிட்டே வந்தால் வள்ளென்று விழுவார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு நாள் சறுக்கினார்.

வெட்டும் தலைக்கு மேல் அரைவட்டமாக ஒரு காப்புத் தகடு இருக்கும். கல்லோ கண்ணாடித் துண்டோ பின்பக்கம் தெறிக்காமல் தடுப்பது அதன் வேலை. மழைக்காலத்தில் ஈரப்புல் அதற்கடியில் களி மாதிரி அப்பிக்கொள்ளும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்தி, குச்சியால் சுரண்டி, மறுபடி கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். பள்ளி திறக்க இரண்டே நாள் இருந்தது. அவருக்கோ தோள்வலி உயிரை எடுத்தது. இரண்டு திருகாணிகளைக் கழற்றித் தகட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"அத மாட்டிடுங்க" என்றாள் மனைவி.

"இன்னிக்கு ஒரு நாள்தானே. நீ கொஞ்சம் தள்ளியே வா."

அவள் தள்ளித்தான் வந்தாள். இருபது அடி இருக்கும். கல்லுக்கு அது ஒரு தூரமே இல்லை.

இன்ஜின் இரைச்சலில் அவள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. மைதானத்தின் கடைசிவரை வெட்டிக்கொண்டு போய்த் திரும்பியபோதுதான், அவள் புல்லில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன ஆயிற்று என்று கேட்டதும், அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"குனியும்போது கிளை குத்திடுச்சு டாக்டர். நான்தான் கவனிக்கல."

சொல்லிக்கொண்டே கணவரின் மணிக்கட்டை அழுத்தினாள். அப்புறம் தனியாக இருக்கும்போது, "உண்மை தெரிஞ்சா எந்தப் பள்ளிக்கூடத்துல உங்கள உள்ள விடுவாங்க? பேசாம இருங்க" என்றாள். இடது கண் போய்விட்டது.

யாரும் அவரைத் திட்டவில்லை. அதுதான் அவரை அரித்தது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவள் அண்ணன் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மாப்ள, நீங்க இப்படித் தாங்குறதாலதான் என் தங்கச்சி தெம்பா இருக்கா" என்றார். வரும்போதெல்லாம் அதே புகழ்ச்சி. அன்றைக்கெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது.

அவள் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். டம்ளரில் ஊற்றும் தேநீர் மேஜையில் விழும். "ஒத்தக் கண்ணுல பாதி தூசிதான் தெரியுது, பெருக்குற வேலை மிச்சம்" என்று சிரிப்பாள். தனியாக வெட்டப் போகிறவர், ஐம்பது அடிக்குள் ஆள் யார் வந்தாலும் மெஷினை நிறுத்திவிடுவார்.

ஒரு வருஷம் கழித்து, மச்சான் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்துக்காக அதே மாதிரி ஒரு மெஷின் வாங்கி, ஓட்டிக் காட்டச் சொல்லிக் கூப்பிட்டார். இவர் போனபோது மச்சான் தகட்டின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மச்சானின் மனைவி அங்கேயே துணி உலர்த்திக்கொண்டு நின்றாள்.

"இது எதுக்கு மாப்ள, சும்மா இடைஞ்சலா?"

"அதக் கழட்டாதீங்க மச்சான்!"

"ஏன் இப்படிப் பதறுறீங்க?"

"அவளுக்குக் கிளை குத்தல மச்சான். நான் தகட்டக் கழட்டிட்டு ஓட்டினேன். அதுல தெறிச்ச கல்லுதான்."

 மச்சான் குனிந்து, கழற்றிய திருகாணியைத் திரும்ப முடுக்கினார். நிமிராமலேயே, "கிளம்புங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். கண் போன அன்றுகூடக் கோபப்படாதவள் அன்று கொதித்தாள்.

"யாரு கேட்டா உங்கள?"

"என்னால தாங்க முடியல."

"நான் தாங்கலையா? உங்க பாரத்த இறக்கி என் அண்ணன் தலையில வெச்சுட்டு வந்திருக்கீங்க. இனிமே அவர் இந்த வாசல்படி மிதிப்பாரா?"

மிதிக்கவில்லை. அவளே ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தாள். பஸ் படியின் உயரம் அவளுக்குப் பிடிபடாது. இவர் கைகொடுத்து ஏற்றிவிட்டு, திரும்பி வரும்வரை நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. பஸ்ஸிலிருந்து முதலில் மச்சான் இறங்கி, தங்கையைக் கைபிடித்து இறக்கினார். அவளுடைய வலது கண் சிவந்திருந்தது. பையை இவரிடம் நீட்டி, "சொட்டு மருந்து. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடணுமாம்" என்றார். 'மாப்ள' என்று சொல்லவில்லை. எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போய்விட்டார்.

"அண்ணன் பேசிட்டாரே" என்றாள் அவள்.

"மருந்தப் பத்தித்தானே."

 இவர் குடையை விரித்து, அவளுடைய இடது பக்கமாக வந்து நின்றுகொண்டார். ரோட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. எங்கே பள்ளம் என்று சொல்லிக்கொண்டே மெதுவாக வீட்டுக்கு நடந்தார்.