நான் நகர்த்திய சலாகைகள்

போரில் கிளிநொச்சியை விட்டு எல்லோரும் ஓடுவதற்கு முந்திய ஆண்டு. வட்டக்கச்சியில் எங்கள் எல்லை வேலியில் நின்ற வேம்பு காற்றில் சாய்ந்தது. எனக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் பாதிப் பாதி. அவர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். நான் பள்ளிக்கூட வாத்தியார். இன்று அவர் என்று எழுதுகிறேன். அன்று அவன் என்றுதான் சொல்வேன்.

இருவரும் சேர்ந்தே வாள் இழுத்துப் பலகை அரிந்தோம், எங்கள் இருவர் வீட்டுக் கதவு நிலைகளையும் சுற்றி அடிக்கும் பீடிங்குக்காக. சீமெந்து கிடைக்காத காலம். நிலைக்கும் மண்சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மறைக்க வேறு வழியில்லை. ஆவணியில் அவருடைய மகளுக்கு அவர் வீட்டில் கல்யாணம்.

நான் பலகைகளைப் பங்குனி வெயிலில் பரப்பினேன். பத்து நாளில் அப்பளமாக நெளிந்தன. அவர் மாட்டுக்கொட்டில் நிழலில் அடுக்கினார். நுனிகளில் சாணி பூசி, பலகைகளுக்கு இடையில் பனஞ்சலாகை என்னும் மெல்லிய பனைமரச் சட்டத் துண்டுகளை ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக வைத்து, வளையாமல் இருக்க உச்சியில் கல் ஏற்றினார்.

பார்க்க வந்த தச்சர் அவருடைய அடுக்கைக் காட்டிச் சிரித்தார். "மாஸ்டர், உங்கட பலகை அடுப்புக்குத்தான். உந்தாளிட்ட ஒருக்கா படியுங்கோவன்."

என் மனைவியும் சிரித்தாள். என்னை 'ஐயா' என்று கூப்பிடுகிறவரிடம் நான் படிப்பதா?

தன் மனைவியின் சத்திரசிகிச்சைக்காக அவர், ஊரைவிட்டு வெளியே போகப் பாஸ் எடுத்து, வவுனியாவுக்குப் போனார். "பலகை அடுக்க ஒரு பார்வை பாத்துக்கங்க ஐயா. ஆடு ஏறிடும்."

மறுநாள் மத்தியானம் கல்லை இறக்கி, பலகைகளை நெம்பி, நடுச் சலாகைகளை ஒன்றுவிட்டு ஒன்று ஒரு சாண் தள்ளினேன், பாரம் நேரே இறங்காமல் பலகை வளையட்டும் என்று. கல்லைத் திரும்ப ஏற்றிவிட்டு, கைகழுவி, வயிறு நிறையச் சாப்பிட்டேன். பொறாமையைத் தவிர வேறு காரணம் தேடிப் பார்த்தும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றரை மாதத்தின்பின் வந்து கல்லை இறக்கினார். பலகைகள் அலை அலையாக வளைந்திருந்தன. ஒரு சலாகையைத் தொட்டார். அதன் கீழே தள்ளியிருந்ததையும் தொட்டார்.

"நான்தான் அவசரத்துல கோணலா வச்சிட்டேன் போல. படிச்சவங்க பக்கத்துல இருந்தும் கேக்காம போயிட்டேன். எப்படி வைக்கணும், சொல்லுங்க ஐயா."

"ஒண்டுக்கு மேல ஒண்டு நேரா வரவேணும்," என்றேன். அவரிடம் பார்த்த பாடத்தை அவருக்கே ஒப்பித்தேன்.

"அப்படிங்களா," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று பீடிங் இல்லாத நிலையைச் சுற்றிக் களிமண் அப்பியிருந்தது. காய்ந்த மண் உதிர்ந்து மாப்பிள்ளையின் புது வேட்டியில் விழுந்தது, யாரோ தட்டிவிட்டார்கள். முதற் பந்தியில், அந்த வாசலுக்கு நேரெதிரே என்னை இருத்தி அவரே சோறு போட்டார். போதும் என்று கையால் மறித்தேன். என் கையை மெல்ல விலக்கி, இன்னும் ஒரு அகப்பை போட்டார்.